நாவின் கட்டை அவிழ்க்கும் கல்வி

மே மாதம் பிறந்துவிட்டால், மேனிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகின்றது: அடுத்து என்ன படிக்க வைப்பது? நம் அவிநாசி வட்டாரத்தில் இதற்குச் சில விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. பையனாயின் பொறியியல், பெண்ணாயின் செவிலியர் கல்வி அல்லது ஆசிரியப் பயிற்சி, அவற்றுக்கு வசதியில்லையேல் திருப்பூர் பேருந்தில் ஏறினால் பனியன் கம்பெனி. இவற்றுள் எதுவும் இழிந்ததன்று. ஆயினும், பிள்ளையின் இயல்பையும் சமுதாயத்தின் தேவையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்து, அதிகம் பேர் நடவாத வழியொன்றைத் தேர்ந்துகொள்ளும் பெற்றோர் மிகச் சிலரே.

அத்தகைய வழியொன்றைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றேன். பேச இயலாதவரைப் பேசச் செய்யவும், பேச்சில் இடர்ப்படுவோரின் இடரை நீக்கவும், கேளாச் செவியைச் சோதித்துத் துணைக்கருவி பொருத்தவும் கற்றுத் தரும் பல்கலைக்கழகப் படிப்பு அது. மக்கள் அதனை ‘ஸ்பீச் தெரபி’ என வழங்குவர். நம் நாட்டில் பேச்சும் செவியும் ஒரே பட்டத்தில் இணைத்துக் கற்பிக்கப்பெறுகின்றன. பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது அப்பட்டத்தின் சுருக்கப் பெயர்.

பேச்சு எவ்வாறு பிறக்கின்றது?

பேச்சின் பிறப்பை ஆராய்வது தமிழனுக்குப் புதிதன்று. தொல்காப்பியனார் தம் எழுத்ததிகாரத்தில் ‘பிறப்பியல்’ என ஓர் இயலையே இதற்கு ஒதுக்கினார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தொலிகளாக வெளிப்படுகின்றது என்று அவர் வகுத்துரைத்தார். இன்று இப்படிப்பில் சேரும் மாணவர் முதலாண்டில் கற்கும் பாடங்களுள் ஒன்று இதுவே. நுரையீரலின் காற்றும், குரல்வளையின் அதிர்வும், நாக்கு அண்ணத்தைத் தொடும் இடமும் அவருக்குப் படம் வரைந்து விளக்கப்பெறுகின்றன.

அறிவியல் பின்னர் இரண்டைச் சேர்த்தது. ஒன்று செவி; கேளாத குழந்தை தானாகப் பேசக் கற்பதில்லை. மற்றொன்று மூளை. 1861இல் பாரிசு நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், ‘டான்’ என்னும் ஓரசையைத் தவிர வேறு எதுவும் கூற இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர்தம் மூளையை ஆராய்ந்தார். இடப்புற முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருக்கக் கண்டார். 1874இல் செருமானியரான கார்ல் வெர்னிக்கே, பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலுக்குரிய மற்றோர் இடத்தைச் சுட்டினார். நா நலமாயிருந்தும் மனிதன் பேச்சிழக்கக் கூடும் என்பது இவற்றால் தெளிவாயிற்று.

துறவியர் இட்ட அடித்தளம்

காது கேளாதவர்க்குக் கல்வி புகட்டவே இயலாது எனக் கற்றோரும் கருதியிருந்த 16ஆம் நூற்றாண்டில், இசுபானிய நாட்டு ஒன்யா மடத்தைச் சார்ந்த பெத்ரோ போன்சே தெ லெயோன் என்னும் பெனடிக்ட் சபைத் துறவி, பிறவியிலேயே கேளாதிருந்த பிரபு குலத்துச் சகோதரர் இருவர்க்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் தெ லெப்பே என்னும் குருவானவர், ஏழைச் செவிடர்க்குச் சைகை மொழி வாயிலாகக் கல்வி தரும் பள்ளியை நடத்தினார். நம் நாட்டிலும் 1880களின் நடுப்பகுதியில், பம்பாயில் ஆயராயிருந்த இயேசு சபையினர் லியோ மெரின் காது கேளாதோர்க்கெனப் பள்ளி தொடங்கினார். தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1895 முதல் ஆங்கிலிக்க மறைப்பணியாளரான புளோரன்சு சுவெயின்சன் அம்மையார் இப்பணியை மேற்கொண்டார்.

இவர்களுக்கு அருட்சுனையாய் இருந்தது மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் எனலாம். ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்ட அம்மனிதனைக் குறிக்க மாற்கு ஆளும் கிரேக்கச் சொல், முற்றிலும் ஊமையானவன் என்பதைவிட, பேச வருந்துகின்றவன் என்னும் பொருளையே சிறப்பாகத் தருவது; புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அச்சொல் வரக் காணோம். ஆண்டவர் அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என்பதும் கருதத்தக்கது. பேச்சில் குறையுள்ளவனுக்குக் கூட்டமே பெரும் அச்சம். இன்றும் இப்பணி பெரும்பாலும் தனியறையில், ஒருவரோடு ஒருவர் அமர்ந்து, பொறுமையாகவே நடைபெறுகின்றது.

பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

கருணையால் தொடங்கிய பணி 20ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத் துறையாயிற்று. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1924இல் முனைவர் பட்டம் பெற்ற லீ எட்வர்டு டிராவிஸ், இத்துறைக்கெனவே பயிற்றப்பட்ட முதல் அறிஞருள் ஒருவர். அடுத்த ஆண்டிலேயே அந்நாட்டில் இத்துறையினர்க்குத் தனிச் சங்கம் உருவாயிற்று. அயோவாவில் பயின்று இத்துறையை வளர்த்த வெண்டல் ஜான்சன், சார்லசு வான் ரைப்பர் ஆகிய இருவரும் தாமே கடுமையான திக்குவாயர்கள்! தம் குறையை மறைத்து ஒதுங்கி வாழாமல், அதனையே ஆய்வுப் பொருளாக்கி ஆயிரக்கணக்கானோர்க்கு வழிகாட்டினர்.

இந்தியாவில் இக்கல்வி 1960களில் வேரூன்றியது. மைசூரில் 1965இல் தொடங்கப்பெற்று, 1966இல் தன்னாட்சி பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இன்று இத்துறையின் தலைசிறந்த கல்விக்கூடமாகத் திகழ்கின்றது. மானசகங்கோத்ரியில் அமைந்த அந்நிறுவனம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இளநிலைப் பட்டம் முதல் முனைவர் பட்டம் வரை அங்குப் பயிலலாம். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி, சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளை ஏறிக் கடந்தால் சாமராசநகர், அப்பால் மைசூர். நாம் எண்ணுமளவுக்கு அது தொலைவான ஊரன்று.

என்ன படிக்க வேண்டும்?

இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். முதல் மூன்றாண்டுகள் வகுப்பும் செய்முறையும்; நான்காம் ஆண்டு முழுவதும் உள்ளிருப்புப் பயிற்சி. மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ பயின்றவர்கள் பொதுவாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கை விதிகளும் நுழைவுத் தேர்வு முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், அவ்வவ்வாண்டு அறிவிப்பைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

பாடங்களோ பலதிறத்தன. உடற்கூற்றியல், ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் ஆகியவை அடித்தளம். அதன்மேல், சொல் திருத்தமின்மை, திக்குவாய், குரல் கெடுதல், குழந்தையின் மொழி வளர்ச்சிக் குறை, பக்கவாதத்தால் வரும் பேச்சிழப்பு, செவிச் சோதனை, காது கேட்கும் கருவி எனத் தனித்தனிப் பாடங்கள். உணவை விழுங்க இயலாதவர்க்கு அது மூச்சுக்குழலில் புகாதபடி விழுங்கப் பயிற்றுவதும் இவர்கள் பணியே என்பது பலர் அறியாத செய்தி.

தாளில் எழுதித் தேறுவது மட்டும் போதாது. படிக்கும் காலத்திலேயே மாணவர் நோயாளிகளை நேரில் கண்டு, மூத்தோர் மேற்பார்வையில் பயிற்சி அளித்தாக வேண்டும். மைசூரிலோ மங்களூரிலோ பயிலும் தமிழ்ப் பிள்ளை அங்குள்ள நோயாளியோடு பழகக் கன்னடமும் ஓரளவு கற்க வேண்டியிருக்கும். நோயாளி மருத்துவரின் மொழிக்கு வருதல் மற்றத் துறைகளில் இயலலாம். இத்துறையிலோ பயிற்றுநரே நோயாளியின் மொழிக்குச் சென்றாக வேண்டும்.

தாய்மொழி அறிந்தவர் ஏன் தேவை?

இவ்விடத்தில்தான் நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் அருமை விளங்குகின்றது. ‘வீடு’ என்பதற்கு ‘ஊடு’ என்றும், ‘என்னுடைய’ என்பதற்கு ‘என்ற’ என்றும் கூறும் கொங்கு நாட்டுச் சிறுவனை, நம் பேச்சறியாத ஒருவர் சோதித்தால், அதனை நாவின் குறையென எழுதிவிடக் கூடும். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் குழந்தையிடம் உண்மையான குறையிருக்கின்றதா, அன்றி அக்குழந்தையின் வீட்டில் அனைவருமே அவ்வாறுதான் ஒலிக்கின்றனரா என்று பிரித்தறிய, அவ்வீட்டுத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ழகரம், றகரம் போன்றவை குழந்தைகளுக்குப் பிந்தியே கைவருவன. மகரமும் பகரமும் முந்தி வருவன. ‘அம்மா’, ‘அப்பா’ என்னும் சொற்கள் மழலையின் வாயில் முதலில் மலர்வதன் காரணமும் அதுவே.

பக்கவாதத்தால் சொல்லிழந்த நெசவாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர்முன் அயல்நாட்டுப் புத்தகத்திலுள்ள பனிமனிதனின் படத்தைக் காட்டி, இது யாது என வினவினால் என்ன பயன்? தறியையும் நூலையும் பாவையும் காட்டினால் அவர் உள்ளத்தில் உறங்கும் சொல் விழிக்கக் கூடும். பேச இயலாத இத்தகையோருள் சிலர், இளமை தொட்டுப் பாடிப் பழகிய பாடலைப் பாடுவர். மனப்பாடமான செபத்தைத் தடையின்றிச் சொல்லுவர். குடும்பத்தார் இதனைக் கண்டு, ‘செபம் சொல்ல வருகிறது, பேச மட்டும் வராதா? பிடிவாதம்’ என்று கடிந்துகொள்வதுண்டு. அது பிடிவாதமன்று. பழகிய பாடலும் புதிதாய் அமைக்கும் பேச்சும் மூளையில் ஒரே வழியாக எழுவதில்லை. 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், இப்பாடும் திறனையே படியாகக் கொண்டு பேச்சை மீட்கும் பயிற்சி முறையொன்றை வெளியிட்டனர். நோயாளியின் பாடலும் செபமும் தமிழாயிருக்க, பயிற்றுநர்க்குத் தமிழ் தெரியாதாயின் இம்முறையை இங்கு எவ்வாறு கையாள்வது?

நம் ஊரில் காத்திருக்கும் பணி

பங்கில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, மூன்று வயதாகியும் பேசாத குழந்தையைக் காண்பதுண்டு. கேட்டால், அம்மிச்சி முந்திக்கொண்டு, “இவங்கப்பனும் நாலு வயசுலதானுங்க சாமி பேசுனான்” என்பார். வசம்பை உரைத்து நாவில் தடவியாயிற்று. நாக்கின் கீழுள்ள தசையை அறுத்துவிடலாமா என்றும் ஆலோசனை நடைபெறும். ஆனால் நாக்கின் அடித்தசை குறுகியிருப்பதால் மட்டும் ஒரு குழந்தை பேசாதிருப்பது அரிது. செவி கேட்கின்றதா என்பதை எவரும் சோதித்திருக்க மாட்டார்கள்!

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் செவிக் குறையோடு பிறக்கின்றன என்பது உலகெங்கும் கண்ட கணக்கு. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது இத்துறையினர் வகுத்த நெறி. குழந்தையின் மூளை மொழியை எளிதில் ஏற்கும் பருவம் முதற்சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளைக் காத்திருந்தே கழித்துவிட்டால், பின்னர் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் முழுமையாக ஈடுசெய்தல் அரிது. ஓராண்டில் முதற்சொல், ஈராண்டில் இரு சொற்களை இணைத்தல், மூவாண்டில் சிறு வாக்கியம் என்னும் படிகளைத் தாய்மார் நினைவிற் கொள்வாராக. அவை தாமதமாயின் உடனே செவியைச் சோதிப்பீராக.

எழுநூறு குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒன்று, உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கின்றது. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என இன்றும் சிலர் பழி சுமத்துகின்றனர். அதற்கு யாதோர் அடிப்படையும் இல்லை. அறுவை மருத்துவர் பிளவைத் தைத்துவிடுகின்றார், முகம் அழகாகின்றது. ஆனால் மூக்கின் வழியே கசியும் பேச்சைப் பல குழந்தைகளுக்குப் பயிற்சியால்தான் செம்மைப்படுத்த வேண்டியிருக்கின்றது. அதற்கு ஆளின்றிப் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர்.

விசைத்தறிக் கூடங்களின் இரைச்சலையும் எண்ண வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் இடும் எல்லை. பல தறிகள் ஒருசேர ஓடும் கூடத்தின் ஓசை அவ்வெல்லையை எட்டுவதும் மீறுவதும் வழக்கம். ஆண்டுக்கணக்கில் அதில் உழைப்பவரின் செவி, கூரிய ஒலிகளை முதலில் இழக்கின்றது. “சத்தம் கேக்குதுங்க, என்ன சொல்றாங்கன்னுதான் புரியறதில்லை” என்னும் அவர்தம் முறையீடு இதன் அறிகுறி. அவ்விரைச்சலுக்கு மேல் கூவிக் கூவிக் குரலைக் கெடுத்துக்கொண்டவரும் உளர். நாள் முழுதும் உரக்கப் பேசும் ஆசிரியர்க்கும் இதே துன்பம் நேர்வதுண்டு.

பனியன் தொழிலை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகள், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் தமிழுமாக வளர்கின்றன. வகுப்பில் வாய் திறவாத அத்தகைய குழந்தையைக் குறையுள்ளதென ஒதுக்குவது தவறு. இருமொழி பேசுவதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை. ஆயினும் அவற்றுள் உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தை எது எனக் கண்டறிய, பயின்ற கண்ணும் செவியும் வேண்டும்.

எங்கே பயிலலாம்?

மைசூரைத் தவிர, மங்களூரில் தந்தை முல்லர் பெயரால் நம் திருச்சபையின் பேச்சு, செவித்திறன் கல்லூரி இயங்குகின்றது. 1880இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கிய செருமானிய இயேசு சபைக் குரு அகுஸ்துஸ் முல்லர் ஊன்றிய விதையின் கிளை அது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திராவிலும், சென்னைக் காது மூக்குத் தொண்டை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கல்லூரியிலும், புதுச்சேரி ஜிப்மரிலும், திருவனந்தபுரத்தில் 1997இல் தொடங்கிய தேசிய நிறுவனத்திலும் இப்பட்டத்துக்குப் பயிலலாம். மைசூர் நிறுவனமும் ஜிப்மரும் நடுவண் அரசைச் சார்ந்தவையாதலின் அங்குக் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு. ஆனால் போட்டி மிகுதி.

ஒரு செய்தியைப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பு இல்லாத கல்லூரியில் சேர்ந்தால், கிடைக்கும் பட்டத்தால் பயனில்லை. அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இத்தொழிலை நடத்தலாம். பதியாது நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்னரே கல்லூரிக்கு ஏற்பு உண்டா என விசாரியுங்கள். பயிற்சி பெறச் செல்வோரும், தம்மிடம் கட்டணம் பெறுபவர் பதிவு பெற்றவர்தாமா எனக் கேட்பதில் பிழையில்லை.

படித்து முடித்தோர்க்கு மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், செவிக்கருவி நிலையங்கள் ஆகியவற்றில் வேலையுண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் ஏற்பட்டுள்ளன. அங்கும் இவர்கள் தேவை. காக்ளியர் கருவியைச் செவிக்குள் பொருத்தும் அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; பின்னர்க் கேட்கவும் பேசவும் கற்பிக்கும் பயிற்சியோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும்.

யார் இதற்குத் தகுந்தவர்?

மதிப்பெண் மட்டும் தகுதியன்று. ஒரே எழுத்தை நூறு முறை சொல்லிக் கொடுத்து, நூற்றியோராம் முறையும் முகம் சுளிக்காதவரே இதற்குத் தகுந்தவர். அறுவை மருத்துவர் போல ஒரே நாளில் விளைவைக் காண முடியாது. ‘டாக்டர் பட்டமில்லாத படிப்புக்கு நான்காண்டா?’ என உறவினர் ஏளனம் செய்யவும் கூடும். சிறு வயதில் தம்பிக்கோ தங்கைக்கோ பொறுமையாகச் சொல் பழக்கிய பெண்பிள்ளை, தாத்தாவின் குளறும் பேச்சை வீட்டில் தான் ஒருவன் மட்டுமே புரிந்துகொண்ட பையன், ஏன், தானே திக்கித் திக்கிப் பேசி வகுப்பில் நகைப்புக்கு ஆளான மாணவன் - இத்தகையோரிடம் இப்படிப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அயோவாவின் அவ்விரு பேராசிரியர்களை நினைவுகூருங்கள்.

பெற்றோரே, நம் இல்லங்களில் இரு திறத்தார்க்கு இச்செய்தி சென்று சேர வேண்டும். பேசாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ‘தானாக வந்துவிடும்’ என நாள் கடத்துவோர் நாளையே செவிச் சோதனைக்குப் புறப்படட்டும். உயர்கல்விக்கு வழி தேடும் இளைஞரோ, தறியோசைக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நடுவே, தங்கள் ஊர்த் தமிழ் அறிந்த பயிற்றுநர் ஒருவரின் வரவை நோக்கி எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன என்பதை உணரட்டும். ஒரு தாய் தன் குழந்தையின் வாயிலிருந்து ‘அம்மா’ என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்கும் நாளுக்கு உழைப்பதைவிட, நான்காண்டுப் படிப்புக்கு வேறென்ன பெரும்பேறு வேண்டும்?